இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காது

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கூடத்து மின்விசிறிக்குக் கண்டன்சர் மாற்றியது. விசிறி நோயாளி போல இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலில் ஏறினேன். அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"மெயினை நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேம்பா."

"யாராவது வந்து போட்டுட்டா?"

"நம்ம வீட்ல யாருப்பா வந்து போடப்போறா?"

"உங்கம்மா. இருட்டா இருக்கேன்னு போடுவா."

"காதுல விழுது" என்றார் அம்மா, சமையலறையிலிருந்து.

அப்பா போய் பியூஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். விசிறி சரியாகி ஓடத் தொடங்கியதும் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். "இன்ஜினீயரம்மா பாஸ்" என்றார். அது சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும்போது சரிந்து விழுந்தார். இதயம். யாரும் அவரை எதுவும் செய்யவில்லை. கேட்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் வியாழக்கிழமை அவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா சிறைக் காவலர். வேலைக்காலத்தில் பெரும்பகுதி வாசலில் நின்றார். கூட வேலை பார்த்தவர்கள் அவரைப் பூட்டு என்பார்கள். கைதிகளும் அப்படித்தான் சொன்னார்கள், கொஞ்சம் மெதுவாக. வீட்டில் அவர் எதையும் பூட்ட மாட்டார். தெருக்கதவு, அலமாரி, சைக்கிள், எல்லாம் திறந்தே கிடக்கும். அம்மா திட்டினால், "பூட்டறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. நீ குடுப்பியா?" என்பார்.

அந்தச் சிறையின் வாசலைச் சொல்லிவிட வேண்டும். வெளிக்கதவு ஒன்று, உள்கதவு ஒன்று. இரண்டுக்கும் நடுவே கார் ஒன்று நிற்கும் அளவுக்கு ஓர் இடம். அதை நடை என்பார்கள். கேட் வார்டர் நிற்பது அந்த நடையில்தான். இரண்டு கதவின் சாவியும் அவரிடம் மட்டும். ஒரு கதவு பூட்டியிருந்தால்தான் இன்னொன்றைத் திறக்கலாம். சூப்பிரண்டுக்கும் அப்படித்தான், குப்பை வண்டிக்கும் அப்படித்தான். அவசரம் என்று யார் கத்தினாலும் முதல் கதவு பூட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த கதவு. நான் லிஃப்ட் கம்பெனியில் கட்டுப்பாட்டுப் பலகை வடிவமைக்கிறேன். தளத்துக் கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. அதற்கு நாங்கள் சுவிட்சும் ரிலேயும் வைக்கிறோம். அங்கே ரிலே என் அப்பா.

ஒருமுறை மந்திரி ஒருவர் சிறையைப் பார்வையிட வந்தார். கூட வந்த கூட்டம் நடையில் அடங்கவில்லை. வெளிக்கதவை மூடினால் பாதிப் பேர் வெளியே, மூடாவிட்டால் உள்கதவைத் திறக்க முடியாது. அப்பா மூடினார். மந்திரி உள்ளே, அவருடைய மாலைகளும் கேமராக்காரரும் வெயிலில். "தலைவரைப் புடிச்சு வச்சுட்டாங்க!" என்று வெளியே கூச்சல். மந்திரி சிரித்துவிட்டதால் அப்பா பிழைத்தார். "சிரிக்கலைன்னா?" என்று கேட்டேன். "அப்பவும் மூடித்தான் இருக்கும்" என்றார்.

அடுத்தது, மாலை அடைப்பு. பொழுது சாயும் முன் கைதிகளை எண்ணி அறைகளில் அடைப்பார்கள். அதன் பிறகு மறுநாள் விடியும்வரை யாரும் சிறைக்குள் வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. விடுதலை ஆணை வந்திருந்தாலும் காலையில்தான். விதிவிலக்கு ஒன்று உண்டு. சூப்பிரண்டு காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் வெளிக்கதவைத் திறக்கலாம். வாயால் சொன்னால் போதாது.

இந்த விதி முதலில் எங்கள் வீட்டில்தான் விழுந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, லாரி விபத்து வழக்கில் சில வாரம் அங்கே இருந்தார். ஜாமீன் ஆணை வந்து சேர்ந்தபோது அடைப்பு முடிந்துவிட்டது. அத்தைக்கு அன்றைக்குத்தான் பிரசவ வலி. அம்மா வெளிக்கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அப்போதைய சூப்பிரண்டு நல்ல மனிதர். போனில் அப்பாவிடம், "உன் மச்சான்தானேப்பா, அனுப்பிடு" என்றார். "எழுத்துல வேணும் சார்" என்றார் அப்பா. சூப்பிரண்டு அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். இதற்காகத் திரும்பி வர முடியாது என்றார். கதவு திறக்கவில்லை.

"மரத்துக்குப் புருஷன்னு பேரு வச்சுக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்" என்று அம்மா கதவைப் பார்த்துக் கத்தினாராம். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா. அத்தை பிழைத்தார், குழந்தையும் பிழைத்தது. மாமா மட்டும் இன்றைக்கும் சொல்வார்: "என் பொண்ணு பொறந்தப்ப நான் கூப்பிடு தூரத்துல இருந்தேன். நடுவுல எங்க அத்தான் இருந்தாரு." சிரித்துக்கொண்டே சொல்வார். அம்மா சிரிக்க மாட்டார். அப்பாவோடு அவர் மறுபடி பேச நாளாயிற்று. நான் அந்த வயதில் அம்மா பக்கம். இப்போதும் அந்த விஷயத்தில் பாதி அம்மா பக்கம்தான்.

நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு விடுதியில் இருந்தபோது வேன் டிரைவர் விவகாரம் நடந்தது.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ஊரில் பெரியவர் என்றால் அது ஒரே ஆள்தான், யாரும் பெயர் சொல்வதில்லை. பெரியவரின் மணல் லாரிகள் பள்ளிக்கூடத் தெருவில் பாய்ந்து போகும். ஒன்று, ஒரு குழந்தையை இடித்தது. வேன் டிரைவர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி லாரியை மறித்தார், ஓட்டியவனை அடையாளம் காட்டினார், புகார் கொடுத்தார். பத்து நாளில் அவர் மேலேயே திருட்டு வழக்கு. உள்ளே வந்தார். நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆணை மதியமே சிறைக்கு வந்துவிட்டது. ஆனால் மதியம் விடவில்லை. அடைப்பு முடிந்து, வெளிச்சம் போன பிறகு, புது சூப்பிரண்டு தானே அவரைக் கூட்டிக்கொண்டு உள்கதவுக்கு வந்தார்.

இனி நான் சொல்வது அப்பாவும் வேன் டிரைவரும் தனித்தனியாகச் சொன்னது. இரண்டும் ஒத்துப்போகிறது.

அப்பா உள்கதவைத் திறந்தார். இருவரும் நடைக்குள் வந்தார்கள். அப்பா உள்கதவைப் பூட்டினார்.

"வெளிய திற" என்றார் சூப்பிரண்டு. "ரிலீஸ். இவன் சம்சாரம் புள்ளைங்க எல்லாம் வெளிய காத்துக்கிட்டிருக்காங்க."

வேன் டிரைவர் கையில் துணிப்பை. முகமெல்லாம் சிரிப்பு.

"அடைப்பு முடிஞ்சுதுங்க சார்" என்றார் அப்பா.

"தெரியும். நான்தானே சொல்றேன்."

"காரணம் எழுதிக் குடுத்திட்டீங்கன்னா திறந்துடறேன்."

"எதுக்கு எழுதணும்? கோர்ட் விட்ட ஆளை அனுப்பறதுக்குக் காரணம் வேற எழுதுவாங்களா? நீயே ஒரு மனுஷனை அநியாயமா புடிச்சு வைக்கறே, தெரியுதா?"

வேன் டிரைவரும் கெஞ்சினார். "அண்ணே, ஐயாவே சொல்றாரு. எம் பொண்ணு நிக்குதுண்ணே."

அப்பா பிறகு என்னிடம் சொன்னது: அந்த நொடியில் அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. எழுதாமல் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் மனதில். ஆனால் ஒரு தகப்பன் கெஞ்சும்போது, அவர் மகளையாவது பார்த்து, காலையில் வாம்மா என்று சொல்லலாமே என்று தோன்றியது. வெளிக்கதவில் தள்ளுமூடி போட்ட சின்ன ஓட்டை உண்டு. மூடியைத் தள்ளிக் கண்ணை வைத்தார்.

பெண்கள் இல்லை, குழந்தைகள் இல்லை. எதிரே விளக்கு அணைத்த ஜீப் ஒன்று. நம்பர் பலகையில் துணி கட்டியிருந்தது. உள்ளே ஆட்கள். ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றவன் சூப்பிரண்டின் சொந்த டிரைவர். பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவன் பெரியவரின் அக்கா மகன். வாசல் விளக்கு அவர்கள் முகத்தில் நேராக விழுந்தது.

அப்பா மூடியைச் சாத்தினார். சுவரிலிருந்த போனை எடுத்தார்.

"யாருக்குய்யா போன்?"

"விடுதலைன்னா குடும்பத்துக்குத் தகவல் சொல்லணும்னு இருக்குங்க சார்." வேன் டிரைவரிடம் நம்பர் கேட்டார். டிரைவர், வெளியே நிற்பவளுக்கு எதற்குப் போன் என்ற குழப்பத்தோடு சொன்னார்.

"அம்மா, சிறை வாசல்லேருந்து பேசறேன். நீங்க எங்கம்மா இருக்கீங்க?"

"வீட்லதாங்க. யாருங்க? அவருக்கு என்னாச்சு?"

அந்தம்மாவின் குரல் நடை முழுக்கக் கேட்டதாம். வேன் டிரைவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு முகத்திலேயே உறைந்திருந்தது, அதை எடுக்க மறந்துவிட்டார்.

"காலைல விடுதலைங்கம்மா. வக்கீலைக் கூட்டிக்கிட்டு, தெரிஞ்சவங்க நாலு பேரோட விடியறதுக்குள்ள வந்துடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தார் அப்பா.

ஒரு நடை. இரண்டு பக்கமும் பூட்டு. உள்ளே மூன்று பேர். அதிலே பெரிய அதிகாரி, சாவி இல்லாதவர்.

"சாவியைக் குடு" என்றார் சூப்பிரண்டு.

"இன்னொரு கேட் வார்டர் வந்து கணக்குப் பார்த்து வாங்கிக்கிட்டாத்தான் குடுக்கலாம். உங்களுக்குத் தெரியாததா சார்."

"உன் சட்டையைக் கழட்டிடுவேன். நாளைக்கு உன் பொண்டாட்டி புள்ளை தெருவுல நிக்கும்."

"சரிங்க சார்."

"உன் பொண்ணு எங்க படிக்குதுன்னு எனக்குத் தெரியும்."

இதை அப்பா என்னிடம் சொன்னதே இல்லை. வேன் டிரைவர் சொல்லித்தான் தெரியும். அப்போது அப்பா சாவி வளையத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாராம். பிறகு சொன்னாராம்: "என் மச்சான் பொண்டாட்டி பிரசவத்துல கிடந்தப்பவே எழுத்தில்லாம திறக்கலைங்க. உங்களுக்குத் திறந்தா வீட்ல சோறு போட மாட்டாங்க."

சூப்பிரண்டு மேசை மேலிருந்த பேனாவைப் பார்த்தார். எழுதியிருந்தால் அப்பா திறந்துதான் ஆக வேண்டும். அதை அப்பாவே சொன்னார். "எழுதியிருந்தா?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட நேராகப் பதில் சொன்னதில்லை. "எழுத மாட்டாருன்னு தெரியும்" என்பார். தெரிந்திருக்க முடியாது.

சூப்பிரண்டு எழுதவில்லை. எழுதினால் அவர் பெயர் அதில் நிற்கும். "உள்ள போகணும், திற" என்றார். அப்பா உள்கதவைத் திறந்து அவரை விட்டுப் பூட்டினார். வேன் டிரைவரையும் உள்ளே தள்ளச் சொன்னார் அவர், கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "விடுதலையான ஆளை வாரண்டு இல்லாம உள்ள எடுக்கக் கூடாதுங்க சார்" என்றார் அப்பா. வேன் டிரைவர் அங்கேயே, இரண்டு கதவுக்கும் நடுவில், அப்பாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தார். விடிந்ததும் அவர் மனைவி, வக்கீல், பள்ளிக்கூடத்துப் பெற்றோர்கள் என்று வாசலில் ஒரு கூட்டம். அப்பா திறந்தார். ஜீப் போயிருந்தது.

அப்பாவின் சட்டையைக் கழற்ற முடியவில்லை. விதிப்படிதானே நடந்திருக்கிறார். மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவு என்று விசாரணை வைத்தார்கள். ஜீப்பைப் பற்றிச் சொன்னபோது விசாரணை அதிகாரி, "அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லை" என்று எழுத மறுத்துவிட்டார். அப்பாவை வாசலிலிருந்து எடுத்துக் காவல் கோபுரத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அதன் இரும்பு ஏணியில் ஏறி இறங்கினார். முழங்கால் இரண்டும் போயிற்று.

வேன் டிரைவர் விடவில்லை. தன்னைக் கடத்தச் சதி செய்ததாக சூப்பிரண்டு மேலும் பெரியவர் ஆட்கள் மேலும் வழக்குப் போட்டார். அதற்கு ஒரே சாட்சி அப்பா. வேன் டிரைவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார், வெளியே பார்க்கவில்லை. ஓட்டையில் கண் வைத்தவர் அப்பா மட்டும். வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. நான் படித்து முடித்தேன், வேலைக்குப் போனேன். சூப்பிரண்டு பதவி உயர்ந்து ஓய்வு பெற்றார். போன மாதம்தான் அப்பாவுக்குச் சம்மன் வந்தது.

சம்மன் வந்த வாரமே வீட்டுக்கு ஒருவர் வந்தார். நல்ல வெள்ளைச் சட்டை. செருப்பை ஒழுங்காக வெளியே விட்டு வந்தார்.

"ஐயாவுக்கு முழங்கால் வலின்னு கேள்விப்பட்டோம். கோர்ட்ல ஏகப்பட்ட படி. இந்த வயசுல எதுக்குங்க ஐயா சிரமம்?"

"லிஃப்ட் வச்சிருக்காங்களாம்" என்றார் அப்பா.

"லிஃப்ட் சில சமயம் நின்னுடுதுங்க, நடுவுல."

"நின்னா சரிபண்ண எம் பொண்ணு இருக்கா. அதே வேலைதான் அவளுக்கு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். "தெரியுங்க" என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அம்மா அந்த டம்ளரைக் குப்பையில் போட்டார். அன்று முதல் தெருக்கதவை அம்மா பூட்டத் தொடங்கினார். அப்பா தடுக்கவில்லை.

வியாழக்கிழமை நான் போனேன். மருத்துவமனை தந்த மரணச் சான்றிதழோடு போய்ச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வராத சாட்சிக்கு வாரண்டு போடுவார்கள். லிஃப்டில் போகவில்லை, படியேறினேன்.

அரசு வழக்கறிஞரம்மா சான்றிதழை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "உங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்காரா?"

"சொல்லியிருக்காரு. ஜீப், துணி கட்டின பலகை, ரெண்டு பேர் முகம், எல்லாம்."

"நீங்க எதையும் நேர்ல பார்க்கல."

"இல்ல."

"அப்ப அது கேள்விப்பட்டது. எடுத்துக்க மாட்டாங்க." பெருமூச்சு விட்டார். "வேற யாருமே இல்லையா?"

வராந்தாவில் வேன் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என் கையைப் பிடித்து அழுதார். பிறகு என்னைத் தூண் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"பாப்பா, நீ லீவுக்கு வந்தா அண்ணனுக்கு, உங்கப்பாவுக்கு, ராத்திரிச் சாப்பாடு கொண்டுவருவேல்ல?"

"எப்பவாவது கொண்டு வந்திருக்கேன்."

"அன்னைக்கும் கொண்டு வந்தேன்னு சொல்லு. வாசல்ல நின்னேன், ஜீப்பைப் பார்த்தேன்னு சொல்லு. பொய்யில்லையேம்மா. நடந்ததுதானே. அண்ணன் பார்த்ததை நீ சொல்றே, அவ்வளவுதான். நீ சொல்லலைன்னா அவனுங்க இன்னைக்கே கேஸ்லேருந்து வெளிய வந்து என் வாசல்ல பட்டாசு வெடிப்பானுங்க. அப்புறம் நான் இந்த ஊர்ல எப்படி வேன் ஓட்டுவேன்?"

அவர் கை என் மணிக்கட்டில் இறுகியது. அவர் சொன்னதில் ஒன்றுகூட நடக்காதது இல்லை. நடந்த இடத்தில் நான் இல்லாதது மட்டும்தான் குறை. நான் அன்றைக்கு விடுதியில் இருந்தேன் என்பதை இனி யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்? முன்வரிசையில் முன்னாள் சூப்பிரண்டு உட்கார்ந்திருந்தது கதவு வழியாகத் தெரிந்தது. பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். முழுப் பெயர், தகப்பனார் பெயரோடு. வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள்.

போய் நின்றேன். நீதிபதி சான்றிதழைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரல் தணிந்திருந்தது.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"பொண்ணுங்க ஐயா."

"அரசுத் தரப்புல வேற சாட்சி இல்லைங்கறாங்க. சம்பவத்தைப் பத்தி உங்களுக்கு நேரடியா ஏதாவது தெரியுமாம்மா?"

பின்னால் வேன் டிரைவரின் மூச்சு எனக்குக் கேட்டது.

"அன்னைக்கு நான் அங்க இல்லைங்க ஐயா" என்றேன்.

தட்டச்சர் அதைத் தட்டினார். வெள்ளைச் சட்டைக்காரர் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். நான் திரும்பியபோது வேன் டிரைவர் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார், என்னைப் பார்க்காமல், சுவரைப் பிடித்தபடி. சாட்சிக் கூண்டை நீதிமன்ற ஊழியர் ஒருவர் துணியால் துடைத்துவிட்டிருந்தார், அப்பாவுக்காக. அதன் கைப்பிடி ஈரமாக இருந்தது.